வருகையின் நோக்கம்: சுற்றுலா

போன கார்த்திகைக்கு முந்தைய வாரம் அடி அண்ணாமலையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு விசா விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. முதல் விண்ணப்பம் எங்கள் மாடியில் ஆண்டுதோறும் மூன்று மாதம் வந்து தங்கும் ஜெர்மானியப் பெண்மணியுடையது. அவர் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு இந்தியாவின் இ-விசா படிவத்தை நிரப்பினார். இந்தியாவில் தன்னை அறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரையும் முகவரியையும் போட்டுக்கொண்டார். மற்றொன்று, அந்த மாடிக்கும் கிரிவலப் பாதையில் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் சமைத்துப் போடும் என் பெரியம்மாவுடையது. துபாயில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அறுபது நாள் சுற்றுலா விசா வேண்டும். பயண முகவர் அனுப்பிய இணையப் படிவத்தை நான்தான் உட்கார்ந்து நிரப்பினேன்.

கதை, கவிதை, சினிமா எல்லாவற்றிலும் பெண் எப்படி எழுதப்படுகிறாள் என்று நாம் நிறையப் பேசிவிட்டோம். பெண்களைப் பற்றி அதிகம் எழுதப்படும் இடமோ விண்ணப்பப் படிவம். அதை யாரும் இலக்கியமாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் விமர்சனத்துக்கும் அது தப்பிவிடுகிறது. ரேஷன் அட்டை முதல் விசா வரை ஒவ்வொரு படிவமும் ஒரு பிரதிதான். அதற்கு ஒரு கதைசொல்லி உண்டு. சில கதாபாத்திரங்களுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்ற தேர்வும் உண்டு. அந்த இரண்டு படிவங்களையும் அப்படித்தான் இங்கே வாசிக்கிறேன்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். பெரியம்மாவின் கடவுச்சீட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. குடும்பப் பெயருக்கான இடம் காலி. தமிழ்நாட்டில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த தலைமுறைகளில் கோடிக்கணக்கானோர் ஒரு பெயரும் ஒரு முதலெழுத்துமாக வாழ்ந்து முடித்திருக்கிறார்கள். நமக்கு அது விடுதலையின் அடையாளம். உலகப் படிவங்களுக்கோ அது நிரப்பப்படாத கட்டம். அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, இயற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பிறந்ததிலிருந்து அழைக்கப்பட்ட பெயரே தெரியாத பெயராகிவிடுகிறது.

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்குத் தெரிவித்தது. குழப்பம் எழுந்ததும் சில நாட்களில் ஒரு விளக்கம் வந்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் வரலாம் என்றது அந்த விளக்கம்.

இது ஆண்களுக்கும் பொருந்தும் விதிதானே என்று கேட்கலாம். பொருந்தும். ஆனால் அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நம் கடவுச்சீட்டில் தந்தை பெயருக்குக் கீழேயே தாயின் பெயரும் அச்சாகியிருக்கிறது. அதே மை, அதே அளவு எழுத்து. ஆனாலும் விளக்கம் தந்தையின் பெயரைத்தான் சொன்னது. என் பெரியம்மாவின் தந்தை அவருக்கு நான்கு வயதானபோதே இறந்துவிட்டார். வளர்த்தது, படிக்க அனுப்பியது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் களையெடுத்தும் கல் சுமந்தும் பிழைத்த என் பாட்டி. ஐம்பத்தெட்டு வயதில் பெரியம்மாவை விமானத்தில் ஏற்றியது மட்டும், அவர் முகமே நினைவில்லாத ஒரு மனிதரின் பெயர்.

நம் நாட்டு விதிகள் கொஞ்சம் நகர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் கடவுச்சீட்டு விதிகளைத் தளர்த்தியது. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்றது. திருமணச் சான்றிதழ் வேண்டாம் என்றது. விவாகரத்தானவர்கள் துணையின் பெயரைத் தர வேண்டியதில்லை என்றது. விதி மாறினாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் பழக்கம் மாறக் காலம் பிடிக்கிறது. கணவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணின் கடவுச்சீட்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்க மறுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது 2025இல். மனைவி கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கக் கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்று அந்த ஜூன் மாதம் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். நாடு விடுதலை பெற்று 78 ஆண்டுகள் கழித்தும் இதை ஒரு நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்தது தொழில். "என்ன வேலைன்னு போடறது பெரியம்மா?" என்று கேட்டேன். இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை செய்பவர் கொஞ்சமும் யோசிக்காமல், "வீட்லதான் இருக்கேன்னு போடு. ஏஜென்டு அப்படித்தான் போடச் சொன்னாரு" என்றார். சமையல்காரர் என்று எழுதினால் அங்கே போய் வேலை தேடுவார் என்று சந்தேகப்படுவார்களாம். முகவரின் கணக்கு அது. ஆக, சம்பாதித்து மகளைப் படிக்கவைத்த பெண், படிவத்தில் சம்பாதிக்காத பெண்ணாக மாறினார். அவருடைய பாதுகாப்பே அந்தப் பொய்யில்தான் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது.

ஜெர்மானியப் பெண்மணியின் படிவத்திலும் இந்தக் கேள்வி உண்டு. அவர் ஓய்வுபெற்றவர் என்பதால் சுலபமாகக் கடந்துவிட்டார். ஆனால் இந்திய இ-விசா படிவத்தில் 'இல்லத்தரசி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் தந்தை அல்லது கணவரின் தொழில் விவரத்தைக் கேட்கிறது. வீட்டில் வேலை செய்பவளுக்குச் சொந்தமாகத் தொழில் விவரம் இருக்க முடியாது, அவளைச் சோறுபோட்டு வைத்திருப்பவனுக்குத்தான் இருக்கும் என்பது இந்தக் கேள்விக்குள் இருக்கும் தீர்ப்பு.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடங்கள். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சவூதியில் வேலைபார்த்த காலத்தில் வாங்கிய சொத்தில், ஊரில் இருந்து குடும்பத்தை நடத்திய மனைவிக்கும் பங்கு உண்டு என்றது. வீட்டு வேலை இல்லாமல் அந்தச் சம்பாத்தியம் இல்லை என்பதுதான் அதன் சாரம். கணக்கெடுப்பும் நீதிமன்றமும் ஒத்துக்கொண்ட உழைப்பைப் படிவம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்த கேள்வி: வருகையின் நோக்கம். இந்திய இ-விசாவில் சுற்றிப் பார்ப்பது, உறவினர், நண்பர்களைச் சந்திப்பது, குறுகிய கால யோகப் பயிற்சி எல்லாம் நோக்கங்களாக ஏற்கப்படுகின்றன. 2014 நவம்பர் 27 அன்று இந்த இணைய வசதி தொடங்கியபோதே சென்னை விமான நிலையமும் பட்டியலில் இருந்தது. எங்கள் ஊருக்கு வருபவர்களுக்கு அது பெரிய வசதி. மாடியில் இருக்கும் அம்மையார் காலையில் மலையைப் பார்த்துக்கொண்டு உட்காருவார், மாலையில் நடப்பார். அவர் வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. அவருக்கு இட்லி அவித்துக் கொடுப்பது பெரியம்மாவின் வேலை. அவர் சுற்றுலாப் பயணி. அந்தச் சொல் அவருக்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

பெரியம்மாவின் படிவத்திலும் அதே சொல்தான். சுற்றுலா. அந்தச் சுற்றுலாவுக்கு அவர் எடுத்து வைத்தவை: விரலி மஞ்சள், பிரசவ லேகியம், உரித்த பூண்டு இரண்டு கிலோ, பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த குழந்தைத் துணிகள், பேரனுக்கு முறுக்கு. போன நாள் முதல் திரும்பும் நாள் வரை பத்தியச் சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, இரவில் கண்விழிப்பது, மூத்த பேரனைப் பள்ளிக்குக் கிளப்புவது. அமெரிக்கா, சிங்கப்பூர், வளைகுடா என்று நம் பெண்கள் அறுபதை நெருங்கும் வயதில் போகும் முதல் வெளிநாட்டுப் பயணம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பாட்டிமார்கள் கடல்தாண்டிச் செய்யும் இந்தப் பராமரிப்பு உழைப்புக்குப் பெரும்பாலான நாடுகளின் விசாப் பட்டியலில் பெயர் இல்லை. அன்பு என்று நாம் சொல்கிறோம். சுற்றுலா என்று அரசுகள் சொல்கின்றன. இரண்டு சொல்லும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: உழைப்பை மறைப்பது.

கூலிக்குப் போகும் பெண்களின் உழைப்பையும் இதே சொல்தான் மறைக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு விழும். அந்தக் கடவுச்சீட்டோடு வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக ஒரு பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். பாதுகாப்புக்காக என்று வைத்த தடை இது. சுற்றுலாவுக்குப் போக அந்த அனுமதி தேவையில்லை என்பதால், முகவர்கள் பெண்களைச் சுற்றுலா விசாவில் ஏற்றிவிடுகிறார்கள். போன இடத்தில் சம்பளம் மறுக்கப்பட்டாலோ அடி விழுந்தாலோ, காகிதத்தில் அவள் தொழிலாளியே இல்லை. ஊர் பார்க்க வந்தவள்.

பிரசவம் பார்க்கப் போகும் தாயின் வேலையைக் காணாத அதே படிவ உலகம், பிரசவிக்கப் போகும் பெண்ணின் வயிற்றை மட்டும் உற்றுப் பார்க்கிறது. 2020 ஜனவரி 24 முதல் அமெரிக்காவில் ஒரு விதி நடப்புக்கு வந்தது. சுற்றுலா விசா கேட்கும் பெண் அங்கே குழந்தை பெறுவார் என்று அதிகாரி நம்பக் காரணம் இருந்தால், குழந்தைக்குக் குடியுரிமை வாங்குவதே அவருடைய முதன்மை நோக்கம் என்று அனுமானிக்கலாம் என்றது அது. அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவள் பாடு. ஒரு பெண்ணின் நோக்கத்தை அவள் சொல்லிலிருந்து எடுக்காமல் அவள் உடலிலிருந்து எடுக்கும் வாசிப்பு இது.

கடைசியாக உறுதிமொழி. 'மேற்கண்டவை யாவும் எனக்குத் தெரிந்தவரை உண்மை' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம். எங்கள் ஊரில் மாணிக்கவாசகருக்குக் கோயில் இருக்கிறது. திருவெம்பாவையை அவர் இங்கேதான் பாடினார் என்பது ஊர் நம்பிக்கை. ஆண் ஒருவர் பெண்களின் குரலில் பாடிய பாட்டு அது. பெண் குரலில் வரும் 'நான்' உண்மையில் யாருடையது என்று கேட்க இலக்கிய வகுப்பில் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதே கேள்வியை இந்தக் கட்டத்திடமும் கேட்கலாம். ஆங்கிலத்தில் உள்ள படிவம். விடைகளைச் சொன்னவர் முகவர். மின்னஞ்சல் மருமகனுடையது. ஓடிபி போனது அவர் எண்ணுக்கு. பணம் கட்டியதும் அவர். டிக் அடித்தது நான். விசா வந்ததும் மருமகனின் வாட்ஸ்அப்புக்குத்தான். இத்தனை பேர் சேர்ந்து எழுதிய 'நான்' என்பதற்குள் பெரியம்மா எங்கே இருந்தார்? பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

இணைய விண்ணப்பம் பெண்களுக்கு வசதிதானே என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். சென்னைக்குப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, துணைக்கு ஓர் ஆணை அழைத்துப் போய் அவமானப்படுவதைவிட இது நூறு மடங்கு மேல் என்றாள். அவளுக்கு அது உண்மை. அவளிடம் போன் இருக்கிறது, மின்னஞ்சல் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. அவை இல்லாதவளுக்கு வரிசை மட்டும்தான் ஒழிந்தது, துணைக்கு ஆள் தேடுவது ஒழியவில்லை. அந்தத் துணையாக இருந்தவள் நான். முகவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் 'இல்லத்தரசி' என்பதைத் தேர்ந்தெடுத்த விரல் என்னுடையது. பெண்ணியம் பேசும் நானும் வரிசை வரிசையாகப் படித்துக்காட்டாமல், "சும்மா இரு பெரியம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லித்தான் நிரப்பினேன்.

அறுபது நாள் கழித்துப் பெரியம்மா திரும்பினார். துபாயில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். "பால்கனியிலேர்ந்து ரோடு தெரியும். ராத்திரி கொழந்தைய வெச்சிகினு அங்கதான் நிப்பேன். வண்டி போய்க்கினே இருக்கும்" என்றார். உயரமான கோபுரத்தைப் பார்க்கவில்லையா? "விமானத்துக்குப் போறப்போ காருல காமிச்சாங்க."

இந்தத் தை மாதம் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தோம். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொன்னேன். தாயின் பெயர் வந்தபோது பாட்டியின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி, நான் சரியாக அடித்திருக்கிறேனா என்று திரையில் எட்டிப் பார்த்தார். தொழில் என்ற இடத்தில் இருந்த பட்டியல் முழுவதையும் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சமையல்னு இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "சரி, சுயதொழில்னு போடு. யாரும் என்ன வெச்சி சோறு போடல" என்றார்.

அவர் பெயரில் ஒரு மின்னஞ்சலும் தொடங்கினோம். கடவுச்சொல்லைப் பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.