சிம்னியில் நுழையும் தாத்தா: ஒரு கிறிஸ்துமஸ் ஒர்க்‌ஷீட்டை வாசித்தல்

டிசம்பர் இரண்டாம் வாரம். யுகேஜி படிக்கும் அக்கா மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "மாமா, படத்தைப் பாத்து பேர் எழுதணும்." மேலே கிறிஸ்துமஸ் வேர்ட்ஸ் என்று தலைப்பு, கீழே இருபது படங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தாள்களில் ஒன்று. ஓரத்தில் யாருடைய வாட்டர்மார்க்கோ பாதி அழிந்து தெரிந்தது.

ஸ்னோமேன், ஸ்னோஃப்ளேக், ஐசிகிள், ரெய்ண்டீர், ஸ்லே, சிம்னி, ஃபயர்பிளேஸ், ஸ்டாக்கிங், மிட்டன்ஸ், ஸ்கார்ஃப், ஹாலி, ஜிஞ்சர்பிரெட், எல்ஃப். இவை பதின்மூன்று. மீதி ஏழு சாண்டா, ட்ரீ, ஸ்டார், பெல், கேண்டில், கேக், கிஃப்ட். இந்த ஏழையும் அவள் கடகடவென்று சொல்லிவிட்டாள். சிக்கல் அந்தப் பதின்மூன்றில்தான்.

சிம்னி படத்தைக் காட்டி, "இது வழியாத்தான் கிறிஸ்துமஸ் தாத்தா வீட்டுக்குள்ள வருவாரு" என்று விளக்க ஆரம்பித்தேன். திண்ணையில் இருந்த என் அம்மா சிரித்துவிட்டார். "சிம்னிக்குள்ள எப்படிடா தாத்தா நுழைவாரு?" அம்மாவுக்குச் சிம்னி என்றால் மண்ணெண்ணெய் விளக்கு. கரண்ட் போனால் எடுத்துத் துடைத்து ஏற்றுவாரே, அந்தச் சிம்னி விளக்கு. அக்காவுக்கோ ஓசூரில் ஃப்ளாட் வாங்கிய தோழியின் சமையலறையில் அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கும் மெஷின். குழந்தைக்கு ஓசூர் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்த ஃபேக்டரி புகைபோக்கி. "அப்போ தாத்தா ஃபேக்டரிக்குள்ளதான விழுவாரு?" என்று கேட்டாள். ஒரே சொல், ஒரே வீட்டில் மூன்று பொருள். தாளில் இருந்தது நாலாவது. எங்கள் தொழிலில் இதை டாங்ளிங் பாயிண்டர் என்போம். முகவரி இருக்கிறது, போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை.

ஸ்கார்ஃப் படத்துக்கு அவள் சொன்ன பதில் "மஃப்ளர்". அஞ்செட்டியில் டிசம்பர் முழுக்கப் பெரியவர்கள் கழுத்தில் இருப்பது அதுதான். அதுவும் ஆங்கிலச் சொல்தான், அதுவும் சரியான சொல்தான். ஆனால் விடைக் கட்டத்தில் ஐந்து எழுத்துக்குத்தான் இடம் இருந்தது.

இப்போது ஸ்னோமேன். இது எனக்குப் பிடித்த கேஸ், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழில் பனிமனிதன் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் தமிழில் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் புல்லில் நிற்பது பனி. சாலையை மறைத்து பஸ்ஸை லேட்டாக்குவதும் பனி. ஊட்டியில் புல்வெளி வெளுத்துப் போனால் பேப்பரில் உறைபனி. இமயமலையில் இருப்பதும் பனி. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, தெருவில் பாதிப் பேர் பேசுவது கன்னடம். அங்கேயும் இதே கதை. தெலுங்கில் மஞ்ச்சு, கன்னடத்தில் மஞ்சு. மூடுபனிக்கும் அதே சொல், இமயமலைப் பனிக்கும் அதே சொல். ஆக, இந்த ஊர்க் குழந்தைக்கு எந்த மொழியில் சொன்னாலும் ஸ்னோமேன் என்பது காலை ஆறு மணிக்குக் காடுகளின் மேல் நிற்கிற வெள்ளைப் புகையால் செய்த ஆள். பக்கத்தில் இருக்கும் தளியை அதன் குளிருக்காக வெள்ளைக்காரர்கள் லிட்டில் இங்கிலாந்து என்றார்களாம். அந்த லிட்டில் இங்கிலாந்திலும் உருட்டி ஆள் செய்கிற அளவுக்கு எதுவும் விழுவதில்லை.

அதற்காக, பார்க்காத பொருளின் பெயரைக் குழந்தைக்குச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிப் பார்த்தால் டைனோசரையும் சொல்லக்கூடாது. யுகேஜி பிள்ளைகளுக்கு டைரனோசரஸ் தண்ணி பட்ட பாடு. ஆனால் டைனோசர் தனிச் சொல்லாக வருவதில்லை. பொம்மை, கார்ட்டூன், உறுமல், யார் யாரைத் தின்னும் என்கிற சண்டை எல்லாவற்றோடும் சேர்ந்து வருகிறது. 1978இல் சூசன் கேரி, எல்சா பார்ட்லெட் இருவரும் மூன்று நாலு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சின்ன சோதனை செய்தார்கள். ஆலிவ் பச்சை நிறத் தட்டு ஒன்று, நீலத் தட்டு ஒன்று. "நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா" என்று போகிற போக்கில் ஆசிரியர் கேட்பார். குரோமியம் என்ற நிறப்பெயர் குழந்தைகள் கேட்டறியாதது. ஒரே ஒரு தடவை கேட்டதிலேயே பல குழந்தைகளுக்கு அது ஏதோ நிறத்தின் பெயர் என்று பதிந்துவிட்டது. ஆனால் எந்த நிறம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது தெளிய நிறைய நாளும் நிறையத் தடவையும் தேவைப்பட்டன. இதில் என் கண்ணில் படுவது அந்தத் தட்டு. கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருள், ஏற்கெனவே தெரிந்த நீலத்தோடு ஒரு ஒப்பீடு, எடுத்து வர வேண்டிய ஒரு வேலை. எங்கள் தாளில் இது மூன்றும் இல்லை. போதாததற்கு ஸ்லே மாதிரி ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் படிக்க இப்போதுதான் பழகும் குழந்தைக்கு, உச்சரிக்காத இரண்டு எழுத்து கடைசியில் நிற்கும் ஒரு ஸ்பெல்லிங்.

சரி, இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பைபிளிலிருந்து வரவில்லை என்பது உறுதி. கலைமான் வண்டி பிரபலமானது 1823இல் அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்றில் வந்த ஒரு கவிதையால். சிவப்பு மூக்கு ருடால்ஃப் 1939இல் பிறந்தது. மான்ட்கோமரி வார்ட் என்ற அமெரிக்கக் கடை, பண்டிகைக்கு வரும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கத் தன் ஊழியர் ராபர்ட் மேயிடம் எழுதி வாங்கிய கதை அது. நம்மூர் ஜவுளிக்கடை தீபாவளிக்குக் கொடுக்கிற காலண்டர் மாதிரி. பள்ளி ஆண்டு விழாக்களில் தவறாமல் பாடும் ஜிங்கிள் பெல்ஸ் 1857இல் அச்சான பாட்டு. அதில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது, முழுக்க முழுக்கப் பனியில் வண்டி ஓட்டும் குஷி. ஆக நம் யுகேஜி பாடம் பாதி அமெரிக்கக் கடைவீதி, பாதி அமெரிக்கக் குளிர்காலம்.

இதில் தப்பொன்றும் இல்லை. அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது தெருவில் கிடக்கும் சொல். வினோதம் என்னவென்றால், கிறிஸ்துமஸின் மூலக்கதை அமெரிக்காவைவிட அஞ்செட்டிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்த நிறைமாதக் கர்ப்பிணி, தங்கச் சத்திரத்தில் இடமில்லை, மாட்டுத் தொட்டியில் கிடத்திய பிள்ளை, ராத்திரியில் ஆட்டுக்குக் காவல் கிடக்கிறவர்கள். இங்கே காட்டோரத்துப் பட்டிகளில் இன்றும் ஆட்டுக்குக் காவல் கிடக்கிறார்கள். இந்தக் கதையின் பெயர்ச்சொற்களில் ஐந்து வயதுக் குழந்தை பார்க்காதது ஒட்டகம் ஒன்றுதான். தாளில் நட்சத்திரம் தவிர அந்தப் பெயர்ச்சொற்கள் ஒன்றுகூட இல்லை. ஆடு இல்லை, கழுதை இல்லை, தொழுவம் இல்லை, தொட்டி இல்லை. குழந்தையும் இல்லை.

தொட்டி என்றதும் இன்னொன்று. பழைய தமிழ் பைபிளில் அதற்கு முன்னணை என்ற அழகான சொல் இருக்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு தீவனத் தொட்டி என்கிறது. தெலுங்கு பைபிளிலும் தொட்டிதான். கன்னடத்தில் கோதலி, பெங்களூர்ப் பக்கம் கிறிஸ்துமஸ் குடிலுக்கே கோதலி என்றுதான் பெயர். சபைக்குச் சபை சொல் மாறுவது இன்னும் சுவாரஸ்யம். கத்தோலிக்கர் வீட்டில் வானதூதர், புராட்டஸ்டண்ட் வீட்டில் தேவதூதன். அங்கே சூசையப்பர், இங்கே யோசேப்பு. அங்கே ஞானிகள், இங்கே சாஸ்திரிகள், பிள்ளைகள் வாயில் மூணு ராஜா. கிறிஸ்துமஸ் தாத்தா மட்டும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் தாத்தாவே. யார் முதலில் அப்படிச் சொன்னார்களோ, பெரிய ஆள். நாலாம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியில் பிஷப்பாக இருந்த நிக்கோலஸை ஒரே சொல்லில் சொந்தக்காரர் ஆக்கிவிட்டார்கள்.

இந்த வேலையை 1726லேயே பெரிய அளவில் செய்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்தவர் தேம்பாவணியில் சூசையை நாயகனாக வைத்து 3615 பாடல் பாடினார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருளைப் பிடித்து அவரை வளன் ஆக்கினார். யூதேயா நாட்டை வருணிக்கிற இடத்தில் தமிழ்க் காவிய வழக்கப்படி ஆறும் வயலும் கொண்டுவந்தார். யூதேயாவில் ஏது அவ்வளவு வயல் என்று கேட்கலாம்தான். ஆனால் கேட்கிறவன் கண்ணுக்கு முன்னால் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் புத்தக ஆராய்ச்சி. உண்மையில் என்னை எழுத வைத்தது வேறு. அடுத்த தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், அவர்கள் பெண்ணும் அதே வகுப்பு. தாள் திருத்தி வந்தபோது அவளுக்கு இருபதுக்கு பதினொன்று. ஸ்டாக்கிங் படத்துக்கு சாக்ஸ் என்று எழுதியிருந்தாள், தப்பு. ஃபயர்பிளேஸுக்கு அடுப்பு என்று தமிழிலேயே எழுதியிருந்தாள், தப்பு. ஹாலியை விட்டுவிட்டாள். தாளின் பின்பக்கம் யாரும் கேட்காமலேயே குடில் ஒன்று வரைந்து வைத்திருந்தாள். மாடு ஒன்று, நட்சத்திரம் ஒன்று, தரையெல்லாம் பச்சைக் கோடு. அதற்கு மார்க் கிடையாது. "எங்க பண்டிகையில இவளுக்கே ஃபெயிலாட்டம் ஆயிடுச்சே அண்ணா" என்று அவள் அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தப் பச்சைக் கோடு என்ன என்று அவர்கள் வீட்டுக் குடிலைப் பார்த்தபோது புரிந்தது. குடிலுக்குள் புல்வெளி வேண்டும் என்பதற்காகப் பத்து நாளைக்கு முன்னே ஒரு தட்டில் ஈர மண் போட்டு ராகி விதைத்திருக்கிறார்கள். விரல் நீளம் வளர்ந்து நின்றது. தினமும் தண்ணீர் தெளிப்பது அந்தப் பெண்ணின் வேலை. "ராகி, வைக்கோல், தொட்டி, மாடு, ஆட்டுக்காரங்க, வானதூதர்" என்று ஒவ்வொன்றாகத் தொட்டு என் அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் எல்லாம் மனப்பாடம். 1223இல் கிரெச்சியோவில் அசிசி பிரான்சிஸ் மாடும் கழுதையும் நிறுத்தி முதல் குடிலை வைத்ததே, படிக்கத் தெரியாத ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய ஃப்ளாஷ் கார்டு, முப்பரிமாணத்தில்.

வகுப்பில் முக்கால்வாசிக் குழந்தைகள் கிறிஸ்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுப் பண்டிகை என்ன என்று அவர்கள் முதன்முதலில் தெரிந்துகொள்ளும் இடம் இந்தத் தாள். அது அவர்களுக்குச் சொல்வது, கிறிஸ்துமஸ் எங்கேயோ ஸ்னோ கொட்டும் ஊரில் நடக்கிறது என்பதை. அடுத்த பெஞ்சில் இருக்கிறவள் வீட்டில் ராகி முளைத்துக்கொண்டிருப்பது அதில் வராது.

டீச்சரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. போய்ப் பேசினேன். பெற்றோர் கேட்பது இங்கிலீஷ் வேர்ட்ஸ், கையில் கிடைப்பது இந்தப் பிரிண்ட் அவுட், இதுதான் அவர் நிலைமை. நியாயம்தான். இங்கிலீஷ் வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, அந்த மொழியில்தான் நானே சம்பளம் வாங்குகிறேன். ஷீப், டாங்கி, ஹே, ஸ்டேபிள், ஷெப்பர்ட், பேபி எல்லாம் இங்கிலீஷ்தானே? இவற்றுக்குத் தெருவிலேயே பொருள் கிடைக்கும். மஃப்ளருக்கும் சாக்ஸுக்கும் மார்க் போடலாம். ஸ்னோமேனை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஃப்ரீசரிலிருந்து சுரண்டிய ஐஸை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு. இப்படி ஒரு பட்டியலை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "கழுதைக்குப் படம் எதுக்கு சார், காம்பவுண்டுக்கு வெளியவே நிக்குதே" என்றார்.