பூனைக்கண்ணும் ஹாலஜனும்: யுத்த ஜீப்பின் முகத்தைப் பற்றி

ஒரு ஜீப் நிஜமாகவே இரண்டாம் உலகப் போர் காலத்ததா என்று தெரியணுமா? பச்சைப் பெயின்ட்டை நம்பாதீங்க, பானெட்டில் போட்ட வெள்ளை நட்சத்திரத்தை நம்பவே நம்பாதீங்க. நேராக ஹெட்லைட்டைப் பாருங்க.

1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ என்ற இரண்டு பெயரில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப்புகள் தயாராயின. ஃபோர்டு கொண்டுவந்த ஒன்பது துளைத் தகட்டு கிரில் பிறகு வில்லிஸிலும் வந்தது. அதில் விளக்குகள் சிறியவை; கிரில்லுக்குப் பின்னால் உள்வாங்கி உட்கார்ந்திருக்கும். 1945-ல் சாதாரண மக்களுக்காக வந்த சிஜே-2ஏ-யில் துளை ஏழாகக் குறைந்தது, விளக்கு பெரிதாகி வெளியே பிதுங்கியது. இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

உள்ளே போனதற்குக் காரணம் அழகு இல்லை. அந்த விளக்கு ஒரு கீலில் மாட்டியிருக்கும். விங் நட்டைத் தளர்த்தி, பானெட்டைத் தூக்கி, விளக்கை அப்படியே பின்னால் திருப்பினால் இன்ஜின் மேல் வெளிச்சம் விழும். ராத்திரியில் டார்ச் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டாம். இதைவிட எளிமையான யோசனையை நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை.

ஹெட்லைட்டுக்குக் கீழே குட்டியாக இரண்டு விளக்குகள் உண்டு. 'பூனைக்கண்' என்பார்கள். பாதைக்கு வெளிச்சம் காட்ட அல்ல, எதிரே வருபவருக்கு 'இங்கே வண்டி இருக்கு' என்று மட்டும் சொல்ல. பின்பக்க இருட்டடிப்பு விளக்கு இன்னும் கெட்டிக்காரத்தனம்: பின்னால் வரும் டிரைவருக்கு நான்கு புள்ளியாகத் தெரிந்தால் ரொம்ப நெருங்கிவிட்டான், இரண்டாகத் தெரிந்தால் சரி, ஒன்றானால் பின்தங்கிவிட்டான். சுவிட்சிலும் ஒரு பூட்டு. இருட்டில் கை தவறி இழுத்தாலும் பெரிய விளக்கு எரியாது. ஜப்பான் பயத்தில் 1942 ஏப்ரலில் பாதி மதராஸ் காலியானதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு இந்தப் பூட்டின் அர்த்தம் புரியும். வெளிச்சத்தை மறைக்கத் தெரிந்த வண்டி இது.

இப்போது குறைக்கு வருகிறேன். எங்கள் ஊரப்பாக்கம் பக்கம், ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய ஒரு டிங்கரிங் ஷெட்டில் '1944 மாடல்' என்று ஒரு ஜீப்பைக் காட்டினார்கள். பெயின்ட் பிரமாதம். ஆனால் பானெட் உயரம், கிரில்லில் ஏழு துளை, பிதுங்கிய விளக்கில் 12 வோல்ட் ஹாலஜன். அது சிஜே-3பி. உயரமான ஹரிகேன் இன்ஜினுக்கு இடம் வேண்டி 1953-ல் பானெட்டைத் தூக்கி வந்த மாடல். மஹிந்திரா உரிமம் வாங்கி இங்கே பல வருஷம் தயாரித்தது. அடுத்த கட்டமாக அந்தக் கிரில்லை வெட்டி ஒன்பது துளைத் தகடு வைக்கப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நம் காட்டு இலாகாவிலும் எஸ்டேட்டிலும் உழைத்த ஒரு ரக வண்டிக்குச் சொந்தமாகவே ஒரு வரலாறு இருக்கிறது. அதை வெட்டி, நார்மண்டிக்குப் போகாத வண்டியை நார்மண்டிக்கு அனுப்புவது சீரமைப்பு இல்லை, வேஷம்.

நிஜ எம்பி கையில் இருப்பவர்கள் செய்யும் தப்பு வேறு. கண்ணாடியைத் தேடி அலைகிறார்கள். சீல்டு பீம் என்பது இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒரே உடலாக இருப்பது. இழை போனால் மொத்தத்தையும் தூக்கிப் போடணும். அன்றைய ராணுவமே தூக்கிப் போட்ட பொருள் அது. அது மாற்றாக இருந்தால் குடி முழுகாது. தேட வேண்டியது பின்னால் இருக்கும் கிண்ணமும் கீலும்தான். புதுப்பேட்டையில் கிளறும்போது இதைத்தான் கேட்கணும். ஃபோர்டு வண்டி என்றால் போல்ட் தலையிலும் பாகங்களிலும் பொறித்த 'எஃப்' எழுத்தையும் பாருங்க.

'6 வோல்ட்டில் வெளிச்சமே வராது சார்' என்பது மெக்கானிக்குகளின் வழக்கமான வசனம். பாதி நிஜம். மின்னழுத்தம் குறைவு என்றால் மின்னோட்டம் அதிகம். அதனால் மெல்லிய வயரும் துருப்பிடித்த எர்த்தும் 12 வோல்ட்டை விட இங்கே அதிகமாகத் தின்னும். எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, தடிமனான வயர் போட்ட பிறகு பேசட்டும். அப்புறமும் ராத்திரி ஜிஎஸ்டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்ட அது போதாதுதான். அதற்காகக் கிரில்லில் ஓட்டை போட வேண்டாம். பம்பரில் கழற்றி மாட்டுகிற மாதிரி தனியாக ஒரு ஜோடி விளக்கு, தனி பேட்டரியோடு வைத்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கு வந்ததும் நாலு நட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது.