உடல் முறிந்தவரிடமே சான்று கேட்பதா?

கரிசல் மண்ணில் மானாவாரி வெள்ளாமை வானத்தைப் பார்த்து நிற்பது. எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்தால், மழை பொய்த்தாலும் வருகிற வருமானம் அந்த வீட்டுக்குக் கிடைக்கிறது. உடல் முறிந்து அவர் பாதியில் திரும்பும்போது, அந்த வருமானத்தின் இடத்தை அரசின் ஊன ஓய்வூதியம் நிரப்புகிறதா?

ஏட்டளவில் நிரப்பவே முயல்கிறது. பணிக்காலத்துக்கு ஒரு கூறு, ஊனத்துக்கு ஒரு கூறு என இரண்டும் சேர்ந்ததே இந்த ஓய்வூதியம். ஊனம் 100 சதவீதமானால், ஊனக் கூறு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயத்தால் வெளியேற்றப்பட்டவருக்கோ அந்தக் கூறே கடைசிச் சம்பளம் முழுவதும். களத்தில் குருதி சிந்தியவருக்குக் கூடுதல் மரியாதை வேண்டும்; அதில் மறுப்பில்லை. ஆனால் பணிநேர விபத்தில் முதுகெலும்பு முறிந்தவரின் வீட்டுச் செலவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதில்லை. இடைவெளி நியாயம், அதன் அளவு நியாயமில்லை.

நோயால் வெளியேறியவர் நிலை இன்னும் கடினம். நோய் பணியால் வந்ததா, பணியால் முற்றியதா என்பதை மெடிக்கல் போர்டு முடிவு செய்கிறது. சேரும்போது குறை எதுவும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுக்கே என 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வுபெற்ற அதிகாரிகளில் ஆண்டுதோறும் 36 முதல் 40 சதவீதத்தினர் ஊனக் கூறு பெற்றதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை கூறியது. இதர படைவீரர்களில் அது 15 முதல் 18 சதவீதமே. சலுகை தளர்ந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இது இடம் தருகிறது. ஆனால் ஐயம் மேல்தட்டில் எழ, 2023 செப்டம்பரில் வந்த புதிய ஊன ஓய்வூதிய விதிகளின் இறுக்கம் சிப்பாய் மீதும் விழுகிறது.

மறுக்கப்பட்ட சிப்பாய்க்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. கோவில்பட்டியிலிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கே வென்றாலும் அரசு மேல்முறையீடு செய்யலாம். ஊன ஓய்வூதிய வழக்குகளில் இத்தகைய மேல்முறையீடுகளைத் திரும்பப் பெறும்படி பாதுகாப்பு அமைச்சகம் அமைத்த நிபுணர் குழுவே 2015இல் பரிந்துரைத்திருக்கிறது. பணிக்கால மருத்துவக் கோப்புகள் படையின் கையில் இருக்க, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் அவை இல்லாதவரிடம் சான்று கேட்பது எப்படி முறையாகும்?

என் தீர்ப்பு இது: ஓய்வூதியத்தின் நோக்கம் தேறுகிறது, அதை வழங்கும் முறை தேறவில்லை. முறைகேட்டை மெடிக்கல் போர்டின் தரத்தால் தடுக்க வேண்டும். ஊனமுற்றவரை அலையவிட்டுத் தடுக்கக் கூடாது. தீர்ந்த சட்டத்தின் மேல் அரசு மீண்டும் வழக்காடுவதை நிறுத்த வேண்டும். கடமையில் முறிந்த உடலுக்கான தொகையும் போர்க்காயத் தொகையை நோக்கி உயர வேண்டும்.