ஆலமரத்தடியில் யார் உட்காரலாம்?

தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சு நடக்கும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். புதிதாக எழுத வந்தவர்கள் சந்தேகம் கேட்கும் இடம் ஒத்தாசைப் பக்கம். நல்ல சொற்கள்தான். ஆனால் ஆலமரத்தடியை வாஞ்சையோடு நினைத்துப் பார்க்க எல்லோராலும் முடியாது. மேடையில் யார் உட்கார்ந்தார்கள், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யார் தள்ளி நின்றார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆங்கில விக்கிப்பீடியா 2012இல் புதியவர்களுக்கென்று திறந்த இடத்தின் பெயர் தேநீர் விடுதி. நம்மூர்க்காரருக்கு இதைக் கேட்டதும் இரட்டைக் குவளை ஞாபகம் வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பெயர் கிடக்கட்டும். அங்கே யாரும் சாதி கேட்பதில்லை. கேட்பது சான்று. அந்தச் சான்று யாரிடம் இருக்கிறது என்ற இடத்தில்தான் அதிகாரம் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

சேலம் மாவட்டத்து ஆத்தூரிலிருந்து ஒருத்தர் எழுத வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியது நீக்கப்படுகிறது. "எங்க ஊரப் பத்தி எழுதுனத ஏங்க எடுத்துட்டீங்க?" என்று ஒத்தாசைப் பக்கத்தில் கேட்கிறார். பதில் வருகிறது: குறிப்பிடத்தக்கமை, மெய்யறிதன்மை, ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு. பதிலில் தப்பே கிடையாது. ஆனால் இந்தக் குரலை அவர் ஏற்கெனவே தாலுகா ஆபீசில் கேட்டிருக்கிறார்: "எல்லாம் போர்டுல போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க." விதி பேசும்போது பேசுகிற ஆள் மறைந்துவிடுகிறார். கேட்டவரோ குற்றம் செய்தவராக நிற்கிறார்.

ஒத்தாசை செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. சம்பளம் கிடையாது, ஆளும் குறைவு, ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்ல வேண்டும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை இந்த ஆத்தூரின் பெருமையாக ஒருவர் சேர்த்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். அந்த வெற்றிலை தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூருடையது. (திண்டுக்கல் பக்கம் இன்னொரு ஆத்தூர் வேறு இருக்கிறது.) ஆகவே சான்று கேட்பதை எதிர்ப்பது நம் வேலையல்ல.

ஆனால் பாருங்கள். வசிஷ்ட நதிக்கரைக் கோட்டையைப் பற்றி எழுதுகிறவருக்குச் சிரமமில்லை. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு இருக்கிறது, 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் இருக்கிறது. வரி வசூலிக்க வந்தவர்கள் எழுதிவைத்தது சான்று. சேகோ ஃபேக்டரியில் கிழங்குக்குத் தோல் சீவும் பெண்களுக்குத் தெரிந்தது? கிழங்கைக் கையில் எடுத்ததுமே மாவு எத்தனை பாயிண்ட் தேறும் என்கிற மதிப்பு, தொட்டியில் மாவு படிந்தபின் மேல்தண்ணியை எப்போது திறந்துவிடலாம் என்கிற கணக்கு, குலுக்கிக் குலுக்கிக் குருணையாக்கும் பதம், களத்து வெயிலின் அளவு. இவற்றை எழுதினால் 'சொந்த ஆய்வு' ஆகிவிடும். குச்சிக்கிழங்கு என்று எழுதினாலோ மரவள்ளி என்று திருத்தப்படலாம். எழுதப்படாதது இல்லாததாகிறது, எழுதுகிற உரிமை யாருக்கு இருந்தது என்ற வரலாறு பிரதிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இது நமக்கு மட்டுமான சிக்கலும் அல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007க்குப் பிறகு எழுதுகிறவர்கள் குறைந்ததை ஆராய்ந்து ஹாஃபேக்கரும் சகாக்களும் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாசவேலையைத் தடுக்க உருவான கருவிகளும் விதிகளும் நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்தே விரட்டின என்பது அதன் முடிவு. 2011இல் அச்சல் பிரபலா முன்கையெடுத்த ஒரு முயற்சி வேறு திசையில் போனது: மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவுசெய்து அதையே சான்றாக வைத்துப் பார்த்தார்கள். அது பொதுவிதி ஆகவில்லை.

"அப்போ வாயில வந்ததையெல்லாம் ஏத்திக்கலாமா?" என்று தோழர்கள் கேட்கலாம். வேண்டாம். ஒத்தாசை என்ற சொல்லை அதன் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் போதும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகளில் வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒரு விதியாக வைத்தார். நூலகரின் வேலை அலமாரி எண்ணைச் சொல்லிவிட்டு ஒதுங்குவதல்ல, வாசகரோடு சேர்ந்து தேடுவது என்பதில் பிடிவாதமாக இருந்தவர் அவர். ஒத்தாசைப் பக்கத்துக்கு வார்ப்புருவைவிட இந்தப் பழக்கம்தான் அவசரமாகத் தேவை.

கிழங்கைப் பற்றிக் கேட்டவரிடம், சேலத்தில் 1981 முதல் இயங்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வெளியீடுகளைப் பாருங்கள், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கான விண்ணப்ப ஆவணத்தில் தயாரிப்பு முறை இருக்கும், வாங்க சேர்ந்து தேடலாம் என்று சொல்லலாம். தோல் சீவும் பெண்களின் கூலியும் பேச்சும் அந்த ஆவணங்களில் எவ்வளவு தேறுமோ தெரியாது. அதற்கு ஆத்தூர்க்காரர்களே பதிவுசெய்து, அச்சிட்டு, ஒரு சிறு வெளியீடாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். சிறுபத்திரிகைக்காரர்கள் செய்யக்கூடிய வேலை அது. அதுவரைக்கும் குச்சிக்கிழங்கு என்று தேடுகிறவர் மரவள்ளிக் கட்டுரைக்குப் போய்ச்சேர ஒரு வழிமாற்று போடுவது எப்படி என்று புதியவருக்குக் காட்டித் தரலாம். இரண்டு நிமிஷ வேலை.