இருவர் பாடும் 'நான்': லூவின் சகோதரரின் இசைத்தட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

தன்னுணர்ச்சிப் பாடலைப் பாடுபவன் ஒருவனே என்பது பொதுவான கொள்கை. காதலை இழந்தவனோ, செய்த குற்றத்துக்கு வருந்துபவனோ, இறைவன்முன் மண்டியிடுபவனோ 'நான்' என்று சொல்லும்போது, அச்சொல்லின் பின்னே ஒரு தனிமனிதன் நிற்பதாகவே கேட்போர் கொள்வர். அவ்வாறாயின், அதே சொல்லை இருவர் ஒரே கணத்தில், இரு வேறு சுரங்களிற் பாடும்போது அது யாருடைய 'நான்' ஆகின்றது? ஐக்கிய அமெரிக்காவின் 'கன்ட்ரி' இசையுலகில் லூவின் சகோதரர் என அறியப்பட்ட ஐரா, சார்ளி ஆகிய இருவரும் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பதிவுசெய்த பாடல்களைக் கேட்போர் எதிர்நோக்கும் முதல் வினா இதுவேயாகும். அவர்களது குரல்களின் இனிமை பலராலும் விதந்து கூறப்பட்டுள்ளது. ஆயின் இனிமையொன்றே அவர்களது சாதனை எனக் கொண்டால், அப்பாடல்கள் இன்றும் கேட்போரை அலைக்கழிப்பதற்கான காரணத்தை விளக்குதல் அரிது.

இருவரதும் குடும்பப் பெயர் லூடர்மில்க் என்பதாகும். ஐரா 1924 இலும் சார்ளி 1927 இலும் பிறந்தனர். அலபாமா மாநிலத்தின் வடகிழக்கே உள்ள சாண்ட் மவுண்டன் என்னும் மேட்டுநிலத்திலே, ஹெனகர் என்ற ஊரில், பருத்தி பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பத்தில் இவர்கள் வளர்ந்தனர். அப்பகுதியில் வேரூன்றியிருந்த 'சேக்ரட் ஹார்ப்' என்னும் தேவாலயப் பாடன் முறை இவர்களது தாய்வழி உறவினரிடையே செழிப்புற்றிருந்தது. 1844 இல் முதன்முதல் வெளியான நூலொன்றின் பெயரால் வழங்கும் அம்முறையில், சுரங்கள் முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்னும் நான்கு வடிவங்களால் எழுதப்படுகின்றன. எழுத்தறிவு குறைந்தோரும் அவற்றைக் கண்டு பாடுதல் கூடும். பாடுவோர் நாற்புறமும் ஒருவரையொருவர் நோக்கியவாறு அமர்வர். வாத்தியம் இல்லை. கேட்போர் எனத் தனியே ஒரு கூட்டத்தாரும் இல்லை. மூல மெட்டு மேற்குரலில் நில்லாது நடுவே உள்ள குரலொன்றிலே மறைந்து நிற்கும். இப்பயிற்சி பெற்ற ஒருவருக்குத் தமது குரலைக் காட்டுவதினும், அயலவரின் குரலைக் கேட்டு அதற்கு இயையத் தம் குரலை அமைத்தலே முதற் கடனாகும்.

இம்மரபோடு பிறிதொரு மரபும் இணைந்தது. 1930களில் வானொலியும் ஒலிவாங்கியும் பரவியபோது, உரத்துப் பாடவேண்டிய தேவை நீங்கி, இருவர் நெருங்கி நின்று மென்மையாகப் பாடும் சகோதர இணைகள் தோன்றின. டெல்மோர் சகோதரர், மன்றோ சகோதரர், புளூ ஸ்கை போய்ஸ் ஆகியோர் அவருட் குறிப்பிடத்தக்கோர். பருத்தி வயலிலிருந்து தப்புவதற்கு அவ்வானொலியே வழியெனக் கண்ட லூவின் சகோதரர், ஐராவின் மண்டலினோடும் சார்ளியின் கிற்றாரோடும் பல சிறு வானொலி நிலையங்களில் அலைந்தனர். 1952 இல் கப்பிற்றல் நிறுவனத்திற் பாடத் தொடங்கிய இவர்கள், 1955 இலேயே நாஷ்வில் நகரின் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' நிகழ்ச்சியில் இடம்பெற்றனர்.

இத்தகைய இணைகளின் இயைபினை 'இரத்த உறவின் இசைவு' என விளக்குதல் அங்கு வழக்கம். ஒரே வீட்டிற் பிறந்தோரின் தொண்டையும் உச்சரிப்பும் ஒத்திருத்தல் இயல்பே. எனினும் சகோதரராய்ப் பிறந்தோர் பலர்; இவ்வாறு பாடியோர் மிகச் சிலர். அன்றியும், இவ்விருவரும் மேடைக்கு வெளியே ஒத்துப்போனவரும் அல்லர். சார்ளி நிதானமும் ஒழுங்கும் உடையவர். ஐரா கடுங்கோபக்காரர், மதுவுக்கு அடிமைப்பட்டவர், சுருதி சேராத மண்டலினை மேடையிலேயே அடித்து நொறுக்கியவர் என அறியப்பட்டவர். ஆகவே அவர்களது பாடல்களிற் கேட்கும் ஒருமையினை இயற்கையின் கொடை எனக் கொள்ளாது, உழைப்பின் பயன் எனக் கொள்வதே பொருந்தும். அந்த ஒருமை பூசலை அறியாதோரின் ஒருமையன்று. பூசலை அந்த மூன்று நிமிடங்களுக்கு மட்டும் அடக்கி வைத்தோரின் ஒருமையாகும்.

அதன் நுட்பத்தைச் சிறிது நோக்குவோம். பெரும்பாலும் சார்ளி மூல மெட்டினைப் பாட, ஐரா அதற்கு மேலான சுரத்திலே இணைந்து செல்வார். ஒற்றைச் சுரவரியிலே பாடும் இசைக்குப் பழகிய செவி, மேற்குரலை அணியாகவும் கீழ்க்குரலையே பாடலாகவும் கொள்ள முற்படும். அவ்வாறு பிரித்துக் கேட்க முயல்வோர் விரைவில் ஏமாறுவர். ஏனெனில், மெட்டு எட்டாத உயரத்துக்குச் செல்லுமிடத்து இருவரும் எவ்வித அறிகுறியுமின்றிப் பாட்டின் நடுவிலேயே தம் இடங்களை மாற்றிக்கொள்வர். மேலே நின்றவர் கீழே வருவார். கீழே நின்றவர் மேலே செல்வார். தையல் எங்கே விழுந்தது எனக் காணுதல் அரிது. 1955 இல் வெளியாகி இவர்களுக்குப் பெரும்பெயர் ஈட்டித் தந்த 'வென் ஐ ஸ்ரொப் ட்ரீமிங்' என்னும் காதற்பாடலின் எடுப்பிலே ஐராவின் குரல் ஓங்கி எழும் இடம் இதற்குத் தக்க சான்று. அவ்வோசை அழகியது, ஆயின் அவ்வழகு ஒரு வலியின் விளிம்பிலே நிற்பது. கீழே தளராது செல்லும் சார்ளியின் குரல் இல்லையேல் அது அலறலாகிவிடும்.

இவ்வமைப்பு பொருளை எவ்வாறு மாற்றுகின்றது என்பதை 1956 இல் வெளியான 'வாழ்வின் துன்பப் பாடல்கள்' என்னும் பொருள்படும் தலைப்பினையுடைய இசைத்தட்டு நன்கு காட்டும். அதிலுள்ள பன்னிரண்டு பாடல்களிற் பழைய கதைப்பாடல்களும் சகோதரரின் சொந்த ஆக்கங்களும் கலந்துள்ளன. அவற்றுள் 'நொக்ஸ்வில் கேர்ள்' தனித்து ஆராயத்தக்கது. இங்கிலாந்தில் ஒற்றைத் தாள்களில் அச்சிட்டு விற்கப்பட்ட பேர்க்ஷயர்க் கொலைக் கதையின் வழிவந்த இப்பாடல், கடல்கடந்து தெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரைத் தன் களமாக்கிக்கொண்டது. ஒருவன் தான் காதலித்த பெண்ணை உலாவ அழைத்துச் சென்று, தரையிற் கிடந்த தடியால் அடித்துக் கொன்று, ஆற்றில் எறிகின்றான். காரணம் எதுவும் கூறப்படவில்லை. வீடு திரும்பியவனின் உடையிலுள்ள குருதியைக் கண்டு தாய் வினவ, அவன் பொய் சொல்கின்றான். சிறையிலே கதை முடிகின்றது.

இக்கொடுமையை இத்துணை இனிமையாகப் பாடலாமா என்பது நியாயமான வினா. பெண்ணின் உயிரைப் பறித்தவன் தன் கதையைத் தானே சொல்ல, அவளது குரல் எங்கும் ஒலிக்காத பாடல் இது. அக்குறையை மறைத்தல் விமர்சகருக்கு அழகன்று. ஆயினும் லூவின் சகோதரர் பாடியவாறு ஊன்றிக் கேட்குமிடத்து, பிறிதொன்று புலனாகின்றது. கொலைகாரனின் 'நான்' இரு தொண்டைகளிலிருந்து வருகின்றது. இருவரும் நாடகப்பாங்கில் அழுவதில்லை; குரலை நடுங்கச் செய்வதுமில்லை; தேவாலயத்தில் வேதப் பகுதியை வாசிப்போர் போலச் சமநிலையுடன் சொல்லிச் செல்கின்றனர். ஒருவன் மட்டும் பாடியிருப்பின் அவனை ஓர் அசுரன் என ஒதுக்கிவிட்டு, கேட்போர் தம்மைப் பாதுகாத்துக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து சொல்லும்போது அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. குற்றம் தனிமனிதனின் பித்தாக நில்லாது, ஒரு சமூகம் தன்னுள்ளே அறிந்துவைத்துள்ள செய்தியாகின்றது.

1959 இல் வெளிவந்த 'சாத்தான் மெய்யானவன்' என்னும் பொருளுடைய இசைத்தட்டு இதன் மறுபக்கமாகும். இதன் அட்டைப்படத்தைக் கண்டு நகைப்போர் பலர். ஐரா திட்டமிட்டு ஒட்டுப்பலகையாற் செய்வித்த மாபெரும் சாத்தான் உருவத்தின்முன், கற்குழியில் எரியும் நெருப்பிடையே, வெண்ணிற உடையணிந்து இருவரும் நிற்கின்றனர். பிற்காலத்தில் இப்படம் விநோதப் பொருளாகவே பரவியது. நகைப்பைத் தாண்டித் தட்டினைக் கேட்போர் வேறொன்றைக் காண்பர். தலைப்புப் பாடலின் நடுவே இசை பின்வாங்க, ஐரா தனித்துப் பேசுகின்றார்: தேவாலயத்திலே முதியவர் ஒருவர் எழுந்து, கடவுள் மெய்யென்பது போலவே சாத்தானும் மெய்யெனத் தம் அழிந்த வாழ்வினைச் சான்றாக்கிக் கூறுவதாக அப்பேச்சு அமைகின்றது. அத்தட்டின் பன்னிரண்டு பாடல்களுள் இரண்டு தம் தலைப்பிலேயே குடிகாரனைக் குறிப்பன. அவற்றைப் பாடியவரோ குடியை விடமுடியாதவர்.

சார்ளியின் மறைவுக்குப் பின் 2012 இல் வெளியான அவரது வாழ்க்கை வரலாறு, தந்தையிடம் ஐரா பட்ட கொடிய அடிகளையும் பின்னர் அவரது குடியையும் மறைக்காது கூறுகின்றது. மது வெறியில் அவர் மனைவியைத் தாக்கியதும், அம்மனைவி அவரைச் சுட்டதும், அவர் உயிர் தப்பியதும் பலரால் எழுதப்பட்ட செய்திகள். இவற்றை அறிந்தபின், ஐராவைப் போலிப் பக்தர் எனக் கூறி முடித்தல் எளிது. கலைஞனுக்கு எல்லாம் மன்னிக்கப்படும் எனக் கூறுதல் அதனினும் எளிது. இரண்டும் பொருந்தா. அப்பாடல்கள் ஐராவை விடுவிக்கவில்லை. மாறாக, அவரைக் குறித்து அவரே சொன்ன சாட்சியாக நிற்கின்றன. பாவம் என்பது அவருக்குப் பிறரைச் சுட்டும் சொல்லன்று. அதனாலேயே, அவ்விறையியலை ஏற்காதோரும் அப்பாடல்களின் அச்சத்தை நம்புகின்றனர்.

இவர்களது ஆக்கங்கள் யாவும் ஒரே தரத்தன எனல் பொருந்தாது. அயற்பண்ணையிலிருந்து குடிபெயரும் சிறுமிக்காக ஏங்கும் சிறுவனைப் பற்றிய பாடல் போன்றவை மிகையுணர்ச்சியிற் சறுக்குகின்றன. 1950களின் பிற்பகுதியில் 'ரொக் அன்ட் ரோல்' அலை வீசியபோது, மண்டலின் பழைமைப்பட்டது எனக் கருதப்பட்டுப் பின்னணிக்குத் தள்ளப்பட்டது. குரல்களைச் சுற்றியிருந்த வெற்றிடம் நிரப்பப்பட்டபோது அவற்றின் கூர்மையும் சிறிது மங்கியது. 1960 இல் டெல்மோர் சகோதரரின் பாடல்களை மீளப்பாடிய தட்டிலே பழைய தெளிவு மீண்டும் ஒளிர்ந்தது.

1963 இல் இருவரும் பிரிந்தனர். 1965 ஜூன் 20 இல் மிசூரி மாநிலத்தில் நிகழ்ந்த வீதி விபத்தில் ஐரா தமது 41ஆவது வயதில் இறந்தார். 1968 இல் பேர்ட்ஸ் குழுவினரும் 1975 இல் எமிலூ ஹரிஸும் இவர்களது பாடல்களைப் பாடிப் புதிய தலைமுறைக்கு அறிமுகஞ்செய்தனர். 2001 இல் 'கன்ட்ரி' இசையின் புகழ்மண்டபத்தில் இவர்கள் இடம்பெற்றனர். தனியே பாடிய சார்ளி வெற்றிகள் சிலவற்றைப் பெற்றார். ஆயின் அங்கு ஒலித்தது ஒருவனின் 'நான்' மட்டுமே.

முதுமையிலே சார்ளி கூறிய செய்தியொன்று ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. இருவரும் ஒரே ஒலிவாங்கியின்முன் நின்று பாடிப் பழகியமையால், ஒத்திசை வரவேண்டிய இடத்தில் அவர் தம்மையறியாது இடப்புறம் சற்று விலகி நிற்பாராம். வலப்புறம் எவரும் இல்லை என்பதை அறிந்தும் அவ்வாறு விலகுவாராம். 2011 இல் அவர் இறக்கும் வரை அப்பழக்கம் அவரை விட்டு நீங்கியதாகத் தெரியவில்லை. மேடைக்கு வெளியே பல ஆண்டுகள் பூசலிட்ட தமையனுக்கு, மேடையில் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒதுக்கி வைக்கப்பட்ட ஓரடி இடம் அது. லூவின் சகோதரரின் பாடல்களில் 'நான்' என்னும் சொல் எத்துணை அகலமுடையது என்பதற்கு அந்த ஓரடியே அளவுகோலாகும்.