தேள்வால் முளைத்த பேச்சு

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954இல் ஒரு புத்தகமே எழுதினார். அமெரிக்கப் பெற்றோர் பலர் அதை நம்பவும் செய்தார்கள். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படிப்பது எப்படி என்று சிவகாசி முத்து காமிக்ஸில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அதே அமெரிக்காவில் ஆசிரியர்களே கிராஃபிக் நாவலை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். இந்த மாற்றத்தில், 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ நாவலுக்குப் பெரும் பங்குண்டு. அதன்பின் ஜீன் லுவன் யாங்கின் ‘அமெரிக்கன் பார்ன் சைனீஸ்’ (2006), ஜான் லூயிஸின் சிவில் உரிமைப் போராட்ட நினைவுகளான ‘மார்ச்’, நியூபெரி பதக்கம் பெற்ற முதல் கிராஃபிக் நாவலான ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ என்று வரிசை நீண்டது.

யாங் ஓக்லாந்தில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். தான் வர முடியாத நாட்களுக்கான கணக்குப் பாடத்தைப் படக்கதையாக வரைந்து கொடுத்திருக்கிறார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம், படிக்கும் வேகம் அவர்கள் கையில் இருந்ததுதான். புரியாத கட்டத்திலேயே நின்றுகொள்ளலாம்.

வகுப்பில் இப்படி நிற்பதுதான் அரிதாக இருக்கிறது. பன்முகத்தன்மையைச் சொல்லித்தரும் பாடம் என்று வந்துவிட்டால் நாயகன் என்ன இனம், பட்ட துன்பம் என்ன, நாம் கற்ற பாடம் என்ன என்று மூன்று கேள்வியோடு நூலை மூடிவிடுகிறார்கள். அதற்குப் படம் எதற்கு, ஒரு பக்கக் கட்டுரை போதுமே!

சீசி பெல்லின் ‘எல் டெஃபோ’வை (2014) எடுத்துக்கொள்வோம். நான்கு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்த தன் கதையை முயல்களை வைத்துச் சொல்கிறார். காது கேட்கும் கருவியின் பேட்டரி தீரத்தீர பேச்சுக்குமிழுக்குள் எழுத்து மங்குகிறது. பிறகு குமிழ் மட்டும் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. எதிரே வாய் அசைந்துகொண்டிருக்கிறது. யாங்கின் நூலில், சீனரைப் பற்றிய அத்தனை இழிவான கேலிகளையும் திரட்டிச் செய்த சின்-கீ என்ற பாத்திரம் வரும் கட்டங்களின் அடியில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் சிரிப்பொலி எழுத்தாக ஓடுகிறது. சிரிப்பது யார் என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாலே போதும்.

நம் பக்கத்தில் இதற்கு நிகரானது ‘பீமாயணம்’ (2011). அம்பேத்கரின் வாழ்வை பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தார்கள். மனிதர்களைச் சதுரப் பெட்டிக்குள் அடைக்கவில்லை. சாதிவெறி பேசுகிறவர்களின் குமிழுக்குத் தேளின் வால். மென்மையாகப் பேசுகிறவர்களின் குமிழ் பறவை வடிவம். யாருடைய சொல் கொட்டும் என்பது எழுத்துக்கூட்டிப் படிக்குமுன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பிரச்சினையும் இங்கேதான். எழுத்தைக் கண் தாண்டிப் போகும், படத்தைத் தாண்டாது. 2022 ஜனவரியில் டென்னஸி மாநிலத்தின் மெக்மின் வட்டாரக் கல்வி வாரியம், எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து ‘மௌஸ்’ நூலை ஒருமனதாக நீக்கியது. சில வசைச்சொற்களும் ஒரு நிர்வாணப் படமும் காரணம் என்றார்கள். அந்தப் படம், குளியல்தொட்டியில் உயிரை மாய்த்துக்கொண்ட ஸ்பீகல்மனின் தாயுடையது. மிகச் சிறிய படம். அதில் ஆபாசத்தைக் கண்டவர்களுக்கு யார் பாடம் நடத்துவது? 2013இல் சிகாகோவில் மர்ஜானே சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ நூலில் உள்ள சித்திரவதைக் காட்சிகள் ஏழாம் வகுப்புக்கு ஆகாது என்றது பள்ளி நிர்வாகம். அதை எதிர்த்து உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் போராடினார்கள். வயது பற்றிய அந்தக் கேள்வியை முற்றாகத் தள்ளிவிட முடியாது. எல்லா நூலும் எல்லா வகுப்புக்கும் அல்ல.

ஆனால் அதே வயது அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ‘பீமாயணம்’ டெல்லி பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குப் பாடமாக இருந்திருக்கிறது. அதன் தண்ணீர் பகுதியில் தாகத்தோடு நிற்பவன் பத்து வயதுப் பள்ளிச் சிறுவன். குழாயைத் தொட அவனுக்கு அனுமதியில்லை. ஆறாம் வகுப்புக்கே அந்தப் பக்கங்களைக் கொடுக்கலாம்.