காது வரைகிற சித்திரம்

சினிமாப் பாட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்படுவதெல்லாம் இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்று, வரிகளை மட்டும் பிரித்தெடுத்துக் கவிதையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது. மற்றது, வெகுஜன ரசனையின் சீரழிவுக்குச் சாட்சியாகப் பாட்டைக் கூண்டில் ஏற்றுவது. இரண்டிலும் காதுக்கு வேலை இல்லை. சித்திரப்படப் பாட்டு என்றால் இந்த அளவுப் பேச்சுகூட எழுவதில்லை. அது குழந்தைகள் சமாசாரம். ஆனால், படம் மறந்துபோன பிறகும் ஒரு பாட்டு மட்டும் ஏன் தனியாக உயிரோடு திரிகிறது என்ற கேள்விக்கு, சித்திரப்படத்தை ஒதுக்கிவிட்டு நாம் பதில் சொல்லிவிட முடியாது என்பது என் கட்சி.

சித்திரப்படம் எப்படி உருவாகிறது என்பதிலேயே விஷயம் இருக்கிறது. 1928ல் டிஸ்னி கூடத்தில் ‘ஸ்டீம்போட் வில்லி’ தயாரானபோது, வில்ஃப்ரெட் ஜாக்ஸன் என்ற இளைஞர் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு ஒரு தட்டுக்கு எத்தனை சித்திரம் என்று கணக்குப் போட்டார். வினாடிக்கு 24 சட்டங்கள். தட்டுக்கு 12 சட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டுகள். எலி எந்தச் சட்டத்தில் காலைத் தரையில் வைக்கும் என்பதைத் தாளம்தான் முடிவு செய்கிறது. பின்னால் பாட்டையும் பேச்சையும் முதலில் பதிவு செய்துகொண்டு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஓவியர்கள் வாயசைவை வரைவது வழக்கமாயிற்று. அதாவது அங்கே முதலில் இருப்பது குரல். உடம்பு அதற்குப் பிறகு, அதிலிருந்து பிறப்பது.

இது நமக்குப் புதிதே இல்லை. நம் சினிமாவிலும் பாட்டு முதலில் பதிவாகிறது. பிறகு அதை ஓடவிட்டு நடிகர் வாயசைக்கிறார். ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ 1938ல் பின்னணிக் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. அதே 1938ல்தான், முந்தின டிசம்பரில் வெளியான ‘ஸ்நோ ஒயிட்’டின் பாட்டுகள் விக்டர் இசைத்தட்டுகளாக வந்தன. ஒரு படத்தின் ஒலியிலிருந்தே எடுத்து விற்பனைக்கு வந்த முதல் தட்டுகள் என்று அவற்றைப் பொதுவாகச் சொல்கிறார்கள். ஸ்நோ ஒயிட்டாகப் பாடிய அட்ரியானா காஸலாட்டியின் பெயர் படத்தில் எங்கும் கிடையாது. குரல் அந்தச் சித்திரத்துக்கே சொந்தம் என்று உலகம் நம்ப வேண்டும், அவ்வளவுதான். சதையும் ரத்தமுமான நடிகர்களின் படத்திலும் ஹாலிவுட் இதையே செய்தது, ஆனால் வெட்கத்தோடு. ‘மை ஃபேர் லேடி’யில் (1964) ஆட்ரி ஹெப்பர்னுக்காகப் பெரும்பாலும் பாடிய மார்னி நிக்ஸனின் பெயரைப் படம் சொல்லவில்லை. நாம் வெட்கப்படவில்லை. பாடியவர் இன்னார், வாயசைத்தவர் இன்னார் என்று இரண்டு பேரையும் கொண்டாடினோம். தமிழ் சினிமாவின் பாட்டுக் காட்சி ஒவ்வொன்றும் சதையால் வரைந்த சித்திரப்படம் என்றால் அதில் மிகை இல்லை என்று நினைக்கிறேன்.

ஆன்டர்ஸன் 1837ல் எழுதிய கடற்கன்னிக் கதையில், கால்கள் வேண்டுமென்றால் நாக்கை அறுத்துக் கொடுத்துவிட வேண்டும். 1989ல் ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மென்கனும் பாட்டமைத்த டிஸ்னி படத்தில் நாக்கு அறுபடவில்லை. குரல் மட்டும் பிரிந்து சூனியக்காரியின் சங்குக்குள் போகிறது. கால் ஒருத்தியிடம், குரல் வேறொருத்தியிடம். அமெரிக்கக் குழந்தைக்கு இது திகில். நமக்கோ கதாநாயகியின் அன்றாட நிலைமை.

அப்படியானால் உலகத்திலேயே சித்திரப்படப் பாட்டு செழித்திருக்க வேண்டிய இடம் தமிழ்நாடுதான். செழிக்கவில்லை. என் கேள்வி அங்கே தொடங்குகிறது.

ஒன்று நிலைத்தது. அதே 1989ல் எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘ராஜா சின்ன ரோஜா’வில், படத்தின் பெயரைத் தாங்கிய பாட்டு. சந்திரபோஸ் இசை. ரஜினிகாந்த் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு போகிறார், கூடவே வரைந்த மிருகங்கள் வருகின்றன. படத்தின் மற்ற விஷயங்களைக் கேட்டால் தலையைச் சொறிகிறவர்கள்கூட இந்தப் பாட்டை முழுசாகப் பாடிவிடுவார்கள். மெட்டு பாலர் பள்ளி மெட்டு, சங்கீத நுட்பம் எதுவும் கிடையாது. ஆனால் அதில் ஒரு கதை இருக்கிறது, கதைக்குள் மிருகங்கள் இருக்கின்றன, அந்த மிருகங்களுக்கு நம் ஞாபகத்தில் வேறு முகம் கிடையாது. நட்சத்திரம் அங்கே விரலை நீட்டிக் காட்டுகிறவர் மட்டுமே. காட்டப்படுவதைக் கேட்பவனே வரைந்துகொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரிடை ‘கோச்சடையான்’ (2014). நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பிடித்து, அதன்மேல் கணினியில் உருவத்தைப் போர்த்திய படம். இசை ஏ.ஆர். ரஹ்மான். முதல் பாட்டு 2013 அக்டோபரிலேயே வெளிவந்துவிட்டது, மற்றவை 2014 மார்ச்சில். படம் மே மாதம் வந்தது. அந்த முதல் பாட்டைப் பாடியவர் எஸ்.பி. பாலசுப்ரமணியம். அந்தக் குரல் எழும்பினாலே தமிழ்க் காது தானாக ஒரு ரஜினியை வரைந்துவிடும். ‘அண்ணாமலை’யிலிருந்தும் ‘முத்து’விலிருந்தும் ‘படையப்பா’விலிருந்தும் சேமித்து வைத்த கோடுகளால் வரைந்த ரஜினி. ஏழெட்டு மாதம் காது அந்தச் சித்திரத்தோடு வாழ்ந்த பிறகு திரையில் வந்து நின்றது, கண்ணில் ஒளியில்லாத ஒரு பொம்மை. போட்டியில் பொம்மை தோற்றது. ஜனங்கள் தொழில்நுட்பத்தைக் குறை சொன்னார்கள். தொழில்நுட்பம் இன்னும் பத்து மடங்கு நன்றாக இருந்திருந்தாலும் கதை இதுவாகத்தான் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நிரம்பிய இடத்தில் மறுபடி நிரப்பப் பார்த்த காரியம் அது. கோட்டுச் சித்திரத்தின் பலமே அதன் வறுமைதான். நாலு கோட்டில் நிற்கிற முகம், மிச்சத்தைக் குரலிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. கோச்சடையானின் உருவம் தோலின் துவாரம் வரை தானே வைத்துக்கொண்டு குரலிடம் எதையும் கேட்கவில்லை. பாட்டுகள் பிழைத்தன. படத்தை விட்டு வெளியேறி, பழைய ரஜினியின் முகத்தில் போய்க் குடியேறிப் பிழைத்தன.

முகத்தோடு வந்த எத்தனையோ தமிழ்ப் பாட்டுகள் நாற்பது ஐம்பது வருஷமாக நிற்கின்றனவே என்று கேட்கலாம். நிற்கின்றன. ஆனால் அவற்றை நாம் எப்படிக் கேட்டோம்? பெரும்பாலும் படத்துக்கு முன்னால், வானொலியில், டீக்கடையில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில். வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ என்று ஒன்று ஒலிபரப்பினார்கள். ஒரு முழுப் படத்தைச் சுமார் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, வசனமும் பாட்டும் மட்டுமாகப் போடுவது. பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் விமர்சகர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒலியே சித்திரம். வீட்டுக்கு வீடு, கேட்கிறவன் தலைக்குள் ஒரு சித்திரப்படம் ஓடிக்கொண்டிருந்தது. நம் பாட்டின் ஆயுளுக்குக் காரணம் வரிகளின் கவித்துவம் மட்டுமல்ல, நட்சத்திரம் மட்டும் நிச்சயமாக அல்ல. கொஞ்ச நாளாவது அந்தப் பாட்டு முகமில்லாமல் திரிந்தது என்பதும் காரணம்.

ரமணாசிரமத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் மாசக்கணக்கில் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. அவர்களில் ஒரு ஜெர்மானியப் பெண்மணி, அறுபது வயதிருக்கும், டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’கில் (1967) பாலு கரடி பாடும் பாட்டைச் செங்கம் சாலை டீக்கடை வாசலில் ஜெர்மன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் படப் பாட்டல்லவா என்றேன். அப்படி அவர் யோசித்ததே இல்லை, அது அவருடைய பாட்டு. அந்தப் படம் ஜெர்மனியில் மிக அதிகம் பேர் தியேட்டரில் பார்த்த படங்களின் வரிசையில் உச்சியில் இருப்பது என்பதைப் பிறகு படித்தேன். கிப்ளிங் எழுதியது நம் மத்தியப் பிரதேசத்து ஸியோனிக் காட்டை. பாட்டு அமெரிக்கா. கரடிக்கு மட்டும் ஊர் கிடையாது. ஆகவே எந்த மொழியில் பாடினாலும் அது அந்தக் கரடியின் சொந்தக் குரலாகிவிடுகிறது. மனித நடிகனை மொழிமாற்றினால் உதடு காட்டிக்கொடுக்கும், ஊர் காட்டிக்கொடுக்கும்.

எங்களுக்கும் ஒரு ஜங்கிள் புக் இருந்தது. 1993ல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ஜப்பானியச் சித்திரத் தொடர். அதன் ஹிந்தி முகப்புப் பாட்டை எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ். ஹிந்தியில் ஒரு சொல் புரியாத தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைத் தப்பும் தவறுமாகத் தெருவெல்லாம் பாடினார்கள். மொழிப் போராட்டத்தின் மண்ணில் ஒரு ஹிந்திப் பாட்டு எந்தத் தகராறும் இல்லாமல் நுழைந்தது என்றால், பாடியது ஹிந்திக்காரன் இல்லை, காட்டில் வளர்ந்த ஒரு கோட்டுப் பையன் என்பதால்தான்.

தமிழில் மொழிமாற்றிய பாட்டுகள் ஏன் இப்படி ஒட்டவில்லை என்பதற்கு நட்சத்திரத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது நம் யாப்பைச் சேர்ந்தது. ஆங்கிலப் பாட்டின் வரி பெரும்பாலும் ஓரசைச் சொல்லில் அழுத்தமாக முடியும். மெட்டின் உச்சியும் அங்கேதான். தமிழில் சொல்லின் கனம் முன்னால் இருக்கிறது, பின்னால் வருவது விகுதி. ஆகவே மெட்டு மலையுச்சி ஏறும் இடத்தில் ‘கிறேன்’, ‘வார்கள்’ என்று விகுதி ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அர்த்தம் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, வரைந்த வாய் மூடும் இடத்தில் ப அல்லது ம வந்தாக வேண்டும். ‘வா’, ‘போ’, ‘தீ’, ‘பூ’ என்று ஓரெழுத்து ஒருமொழிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவற்றை மட்டும் வைத்து ஒரு பாட்டை எழுதிவிட முடியாது. மெட்டுக்கு எழுதுவது நம் பாடலாசிரியர்களுக்குக் கைவந்த கலை என்பது உண்மை. ஆனால் நம் இசையமைப்பாளன் தத்தகாரத்தில் மெட்டைப் பாடிக் காட்டும்போதே தமிழ்ச் சொல்லின் இறக்கம் அதில் கலந்துவிடுகிறது. நியூயார்க்கில் பிறந்த மெட்டில் அது கலந்திருக்காது.

இதன்மேல் பிரபலங்களும் வந்து சேர்கிறார்கள். 2019ன் ‘லயன் கிங்’ தமிழில் வந்தபோது சிம்பாவாகச் சித்தார்த், ஸ்காராக அரவிந்த்சாமி. அதே ஆண்டு ‘ஃப்ரோசன் 2’வில் எல்சாவாகப் பேசிப் பாடியவர் ஸ்ருதி ஹாசன். அவர் நன்றாகப் பாடுகிறவர்தான், என் புகார் அதுவல்ல. விளம்பரமே ‘யார் குரல் தெரிகிறதா?’ என்ற தோரணையில் வருகிறது. ஊரும் பேரும் இல்லாத ஒரு உருவத்துக்கு அவசரமாக ஓர் ஆதார் அட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை அது. சுட்டி டி.வி.யின் தமிழ் டோராவை நினைத்துப் பாருங்கள். குரல் கொடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, குரங்குக்கு ‘புஜ்ஜி’ என்று பெயர் வைத்தவரையும் தெரியாது. பார்த்து வளர்ந்தவர்கள் இன்று வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறார்கள், அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுகிறார்கள்.

என் வாதத்துக்கு இடைஞ்சலான உதாரணம் ஒன்று உண்டு. 2007ல் வந்த ‘இனிமே நாங்கதான்’. தமிழிலேயே தயாரான முழுநீளக் கணினிச் சித்திரப்படம். நட்சத்திர முகம் கிடையாது. இசையோ இளையராஜா. நான் சொல்கிறபடி அந்தப் பாட்டுகள் தெருவெல்லாம் ஒலித்திருக்க வேண்டும். ராஜாவின் ரசிகர்களிலேயே பலருக்கு அப்படியொரு படம் வந்ததே தெரியாது. இங்கே ஆசிரமத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அவருடைய ‘ரமண மாலை’ ஒலிக்காத நாளில்லை, அதைக் கேட்டபடி நிற்கிறவர்களிடம் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். இதற்கு என்னால் சொல்ல முடிந்த காரணம் இதுதான்: 2007க்குள் ஒலிச்சித்திரத்தின் காலம் ஒடுங்கிவிட்டது. பாட்டை ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையைத் தொலைக்காட்சியின் பாட்டுச் சானல்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றுக்கு வேண்டியது முகம். முகமில்லாத பாட்டுக்கு முன்பு வானொலி இருந்தது, இப்போது வாசல் இல்லை. முழுசாகத் திருப்தி தரும் விளக்கம் இது என்று சொல்லமாட்டேன். மெட்டுகளே ராஜாவின் சிறந்தவற்றோடு சேராதவை என்று ஒரு நண்பர் சொல்கிறார். இருக்கலாம். ஆனால் சுமாரான மெட்டுகள் எத்தனையோ நிலைத்திருக்கின்றன, சந்திரபோஸின் அந்தப் பாலர் பள்ளி மெட்டு உட்பட.

2025ல் ‘மகாவதார் நரசிம்மா’ பல மொழிகளில் வந்து வசூலைக் குவித்தது, தமிழிலும். இசை நம் சாம் சி.எஸ். ‘திருவிளையாடல்’ (1965) வந்த பிறகு நம் ஊர்ச் சிவனுக்கு ரொம்ப காலம் சிவாஜி கணேசனின் முகம்தான். இந்தப் படத்தின் நரசிம்மத்துக்கு எந்த நடிகனின் முகமும் இல்லை, தூணிலிருந்து வருகிற தெய்வத்துக்கு அதுதான் நியாயம். அரிய வாய்ப்பு. ஆனால் படம் முழுக்க முழக்கமும் கோஷமும் இடியும்தான் என் காதில் விழுந்தன. பிரகலாதன் என்ற சின்னப் பையன் கதை நெடுகப் பக்தியோடு பாடிக்கொண்டே இருக்க வேண்டியவன். எங்கள் தெருப் பிள்ளைகள் படம் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் கர்ஜித்துக்கொண்டிருந்தார்கள். பாடவில்லை.